முப்பத்தொரு பேர்

முதல் கடிதத்தை நிறைமதி திருப்பிக் கொண்டுவந்தாள்.
"சேர், இது கிராம சேவையாளர் குடுக்கிற
நற்சான்றிதழ் மாதிரி இருக்கு.
எம்.பி.ஏ.க்கு இது காணாது."
நேர்மையானவர், கடின உழைப்பாளி,
நானறிந்த வரையில் நன்னடத்தை உடையவர்.
கீழே மல்லாவி பால் குளிரூட்டும் நிலையத்தின்
ஊதா முத்திரை, சற்றுச் சரிந்து.
"சம்பவம் வேணுமாம். திகதியோட."

சம்பவம்.
போன வைகாசி, கரண்ட் போன இரவு.
ஜெனரேற்றரில் டீசல் இல்லை.
கான்களில் மூவாயிரத்து இருநூறு லீற்றர்.
நான் கொழும்புக்கு அழைத்துக்கொண்டிருந்தேன்.
அவள் நாச்சிக்குடா ஐஸ் கொம்பனிக்கு அழைத்தாள்.
இரண்டரைக்கு வாசலில் மீன்பெட்டி லொறி.
பால் மீன் மணந்தால் ஆர் பதில் சொல்லுறது என்று
எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்.
"ஐஸ் வெளியிலதான் சேர், கானுக்குள்ள இல்லை"
என்றாள், விரல்கள் விறைத்து.
விடிய, பால் திரியவில்லை. மணக்கவுமில்லை.

படிவத்தின் நாலாவது கேள்வி:
நீங்கள் கூறிய விமர்சனத்தை
விண்ணப்பதாரி எவ்வாறு ஏற்றுக்கொண்டார்?
பிழை என்னுடையது என்று எழுத
அதில் பெட்டி இல்லை.
இருநூறு சொல்லுக்குள் நெருக்கி எழுதினேன்.

ஆறாவது:
உங்களோடு பணியாற்றியவர்களுள் இவர்
மேல் ஐந்து வீதமா, பத்தா, இருபத்தைந்தா?
எத்தனை பேரோடு ஒப்பிடுகிறீர்கள்?
தேத்தண்ணி ஆறி ஆடை படியும்வரை எண்ணினேன்.
சங்கக்கடை, நெல் களஞ்சியம், பிறகு
இரணைப்பாலையில் தறப்பாளுக்குக் கீழ்
இரண்டு கிழமை நடத்திய பால்மா விநியோகம்.
அங்கே கணக்கெழுதிய ரமணீதரன்
பேரேட்டை என்னிடம் தந்துவிட்டு
மா எடுக்கப் போனவன்.
அவனையும் சேர்ப்பதா?
சேர்த்தால் இவள் இரண்டாவது.
முப்பத்தொன்றில் இரண்டு,
கல்குலேற்றர் ஆறு தசம் நாலு என்றது.
பத்து வீதத்தில் புள்ளடி போட்டேன்.
கீழே எழுதினேன்:
இவரை முந்தியவர் ஒருவர்தான்.
அவர் எங்கும் விண்ணப்பிக்கப்போவதில்லை.

வவுனிக்குளக் கட்டில் ஏறினால்தான் சிக்னல்.
லண்டனில் நள்ளிரவு, இங்கே காலை ஐந்தரை.
ஐந்து பதினேழுக்குப் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வர, முதல் சைக்கிள் கானுக்கு முன்னால்
மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றாள்.
கடிதத்தை அவள் பார்க்கக் கூடாதாம்.
கேட்கவும் இல்லை.
"இருபத்தொன்பது சேர், தண்ணி இல்லை" என்றாள்
லாக்டோமீற்றரைக் குனிந்து பார்த்தபடி.
நான் பதிந்துகொண்டேன்.