அட்டைக் காசோலை

விருதுக்கு வயது வரம்பு முப்பத்தைந்து.
எனக்கு முப்பத்துநாலு வருடமும் பதினோரு மாதமும்.
ஐந்து முறை வந்த "வருந்துகிறோம்" கடிதங்கள்
ஒரே கோப்பில், ஒரே எழுத்துருவில்.
தேதிக்கு மட்டும் வயதாகிக்கொண்டு வந்தது.

ஆறாவது கடிதம் வருந்தவில்லை.

என் ஆராய்ச்சியை இருநூறு சொல்லில்
யாருக்கும் புரிகிறாற்போல் எழுதச் சொல்லியிருந்தார்கள்.
"மெல்லிய படலம் ஒன்று மங்கலாக ஒளிர்கிறது.
எவ்வளவு மங்கல் என்று நான் எண்ணுகிறேன்."
பத்துச் சொல்லில் முடிந்துபோனது.
மீதி நூற்றுத் தொண்ணூறுக்கு
நாட்டின் எதிர்காலத்தைப் போட்டு நிரப்பினேன்.

கடலோர ஓட்டலில் மேடை, ஊதா விளக்கு.
இன்னார் மகள் என்று சொல்லவந்த ஏ/பி
அச்சகத்தில் சாய்கோட்டைத் தொலைத்துவிட
காசோலையில் நான் கோகிலவாணியாப்.
அறிவிப்பாளரும் அப்படியே வாசித்தார்.
தமிழில் யாப்பாகவாவது கிடக்கட்டும் என்று
சிரித்துப் படத்துக்கு நின்றேன்.

ஐம்பதாயிரம் வெள்ளி.
ஐந்தடி நீள அட்டை.
கிராப் ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார்,
தலையைச் சொறிந்தார்,
பயணத்தை ரத்து செய்துவிட்டுப் போனார்.

கொம்தாரில் பேருந்து ஏறினேன்.
ஒரு முனை என் தோளில்,
மறுமுனையைக் கேட்காமலே பிடித்துக்கொண்டார்
சிமெண்டுத் தூசி படிந்த சட்டைக்காரர் ஒருவர்.
ஜெலுத்தோங் தாண்டும்வரை இருவரும்
கண்ணாடிப் பலகை சுமப்பவர்கள்போல் நின்றோம்.
காய்கறிப் பையோடு ஒரு சீன அம்மா
சுழியங்களை விரல் வைத்து எண்ணினார்,
என் செருப்பைப் பார்த்தார்,
மறுபடி எண்ணினார்.

உண்மைப் பணம் வேறு வழியில் வந்தது.
மூன்று விலைப்புள்ளி, நான்கு கையெழுத்து,
நோன்புப் பெருநாள் விடுமுறை,
அப்புறம் நிதி அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு:
கருவிக்குச் செலவழிக்கலாம்,
ஆளுக்குக் கூடாது.

ஆள் என்றால் நூருல் இஸ்ஸா.
படலத்தை வளர்த்தவள்,
எட்டு மாதம் இரவு இரவாக எண்ணியவள்.
அவள் உதவித்தொகை ஜூனில் முடிந்தது.
இப்போது பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
சில்லுகளைச் சோதிக்கிறாள்.
இரவு மோட்டார் சைக்கிளில் இங்கே வருகிறாள்,
அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து.

"லென்ஸ் வாங்கலாமே டாக்டர்," என்றாள்.
வாங்கினோம். நல்ல லென்ஸ்.
அது சம்பளம் கேட்காது.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
தெரியாதவளா அவள்.

எங்கள் பழைய தொல்லை சன்னல்.
தெருவிளக்கு எப்படியோ கசிந்து
கருவியின் இருட்டில் கலக்கும்.
படலமே இல்லாத வெறுமையையும்
நொடிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணும்.
கறுப்புத் துணி போட்டோம், அட்டைப்பெட்டி கிழித்து ஒட்டினோம்.
இருநூற்றுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

நேற்று இரவு ஒன்றரை மணிக்கு
அவள் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த காசோலையையும்
சன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.
நான் ஒட்டுநாடாவைத் தேடினேன்.

அளவெடுத்து அடித்ததுபோல் பொருந்தியது,
என் தப்பான பெயர் வெளிப்பக்கமாக.
விளக்கை அணைத்தோம்.
நூற்று எண்பது.
தொண்ணூற்றாறு.
முப்பத்தொன்று.

முப்பத்தொன்று, என்றாள் மெதுவாக,
தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல.
குறிப்பேட்டில் எழுதப் பேனாவைத் திறந்தேன்.

எண் ஐம்பத்திரண்டுக்குத் தாவியது.
இருவரும் மூச்சுவிடவில்லை.
வெளியே பூட்ஸ் சத்தம்.
ரோந்து வந்த காவலர் டார்ச் அடித்து
சன்னலில் தொங்கும் ஐம்பதாயிரத்தை
நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

படித்து முடித்துப் போனார்.
முப்பத்தொன்று.