வற்றம்

பதினொரு குட்டி போட்டாள்.
காம்பு பன்னிரண்டு. பால் இறங்குவது பத்தில்.
கணக்கு எனக்கு அன்றே புரிந்துவிட்டது.
பதினோராவதுக்குப் புரிய இரண்டு நாளாயிற்று.
ஈரப்பலா மரத்தடியில் குழி தோண்டினேன்.
அந்த மரம் அதற்குப் பிறகு எப்படிக் காய்த்தது என்று
நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பெனிசோனி ஆப்பிள் பறிக்கப் போய் ஐந்து மாதம்.
நியூசிலாந்தில் பனி, கையுறை, ஏணி,
அறைக்கு ஆறு கட்டில்.
வீடியோவில் முகம் வந்ததும் முதல் கேள்வி:
"அவள் தின்றாளா?"
நான் தின்றேனா என்பது
நாலாவதோ ஐந்தாவதோ,
அதற்குள் காசு தீர்ந்து போன் செத்துவிடும்.
வேலிப்பக்கம் திருப்பிக் காட்டுவேன்.
சேற்றில் சாய்ந்து கிடப்பாள்,
பத்து வாய் ஒரே சமயத்தில் இழுக்கும்.
அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
சளி என்பான்.

காலையில் தேங்காய் உடைப்பேன்.
வெட்டுக்கத்தி ஓட்டில் விழும் முதல் சத்தத்துக்கே
அக்கம்பக்கத்துப் பன்றியெல்லாம் என் கொல்லையில்.
இடக்காதில் வெட்டு இருந்தால் எங்களது,
வாலில்லாதது கலிசியின் வீட்டது,
இரண்டும் இல்லாதது தேவாலயத்துடையது,
அதை விரட்டப் பயம்.
மரவள்ளித் தோல், வெம்பி விழுந்த பப்பாளி,
பிள்ளைகள் தட்டில் ஒதுக்கிய சேம்பு.
இந்தக் கொல்லையில் எதுவும் வீணாவதில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் தொங்காவில்
வேலை செய்வது பன்றிகள் மட்டும்தான்.

வற்றம் வந்துவிட்டதென்று அவளுக்குச் சொல்ல வேண்டாம்.
கடல் பின்வாங்கப் பின்வாங்க
ஒவ்வொரு அடியாக அந்த இடத்தை வாங்கிக்கொள்வாள்.
பின்னால் பத்தும்.
பவளப்பாறை வரை சேறு, பாசி, ஒளிந்த நண்டு.
மூஞ்சியைத் தண்ணீருக்குள் முக்கி
மூச்சைப் பிடித்துச் சிப்பியைக் கடிக்கும் சத்தம்
சமையற்கட்டு வரை கேட்கும்.
கடல் மேய்ந்த கறிக்கு உப்பு வேண்டாம் என்பார்கள் இங்கே.

வியாழக்கிழமை லிசியாட்டே வந்தான், என் மைத்துனன்.
மார்பு வரை ஏறிய துக்கப் பாய்,
கூட இரண்டு ஆள், ஒரு கயிறு.
அத்தை போய்விட்டாளாம்.
அப்பாவின் அக்கா. அவள் கேட்டு
இல்லை என்ற வீடு எங்கள் வம்சத்தில் கிடையாது,
செத்த பிறகு கேட்டாலும்.
"பெரிய சாவு, பெரிய பன்றி வேண்டும்" என்றான்.
பெரிய என்றபோது கண் வேலிக்குப் போனது.

நான் மறுக்கவில்லை.
"பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கடலைக் காட்டினேன்.
அவள் தூரத்தில், வயிறு வரை தண்ணீரில்.
பாயைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்க முடியாது,
பாயை அவிழ்த்தால் அத்தைக்கு அவமானம்.
தேநீர் கொடுத்தேன். இன்னொரு முறை கொடுத்தேன்.
லிசியாட்டே தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.
தலையைத் தூக்கினாள், எங்கள் எல்லோரையும் பார்த்தாள்,
மறுபடி முக்கினாள்.
அங்கே உமு அடுப்புக்குக் குழி வெட்டக் காத்திருந்தார்கள்.

கடைசியில் ஆண் பன்றியைக் கட்டினார்கள்.
கரையில் பின்தங்கி நின்ற மூன்று குட்டியையும்.
கால்களை நானே பிடித்துக் கொடுத்தேன்.
அந்தக் கத்தலுக்கு மட்டும்
அவள் கரையேறி ஓடி வந்தாள்.
வண்டி அப்போது போய்விட்டிருந்தது.

இரவு ஏழு வாய், பத்துக் காம்பு.
முன்பு பால் போதவில்லை, இப்போது வாய் போதவில்லை.
கட்டிப்போன மூன்றையும் வெந்நீரில் துணி நனைத்து
ஒற்றிவிட்டேன். கடிக்கவில்லை.
சனிக்கிழமை அடக்கம். பரிமாறினார்கள்.
தோல் மொறுமொறுவென்று இருந்தது.
நன்றாகத்தான் இருந்தது.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

ஞாயிறு பெனிசோனி வந்தான், கட்டிலில் படுத்தபடி.
போனைத் திருப்பினேன்.
உதடு அசைய எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
"அத்தைக்கா?"
"அத்தைக்கு."
வெகு நேரம் யாருடைய குறட்டையோ கேட்டது அங்கிருந்து.
பிறகு, முதல் முதலாக, முதல் கேள்வியாக:
"நீ தின்றாயா?"

தின்றேன் என்றேன்.
வேலிக் கதவு தானாகத் திறந்து ஆடியது.
அவளும் ஏழும் போய்க்கொண்டிருந்தார்கள்.
கடல் வற்றத் தொடங்கியிருந்தது.