திருகாணிகள்

சிலோயே தீவில் மார்ச் மாதம் பள்ளி திறக்கும்,
மழையும் கூடவே.

புதிய தலைமையாசிரியை எதுவினா பாரியா
முதல் கூட்டத்துக்கு உரை எதுவும் எழுதி வரவில்லை.
கோட்டுப் பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
"பெஞ்சுகளைத் தரையிலிருந்து கழற்றப் போகிறோம்."
நாங்கள் ஒன்பது பேரும்
அவரவர் தேநீரைக் கவனமாகப் பார்த்தோம்.

எனக்கு அது இருபத்திரண்டாம் வருடம். கணக்கு.
ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு பேர்.
எனக்கு முப்பது முகங்கள்,
அவர்களுக்கு முன்னால் இருப்பவரின் பிடரி.
யாரும் என்னிடம் குறை சொன்னதில்லை.
சொல்ல எப்போது நேரம் கொடுத்தேன்
என்பது வேறு கதை.

உப்புக்காற்றில் துருவேறிய ஆணிகள்.
பிள்ளைகளே கழற்றினார்கள்,
மட்டிப் பண்ணைகளின் கயிறும் கொக்கியும் பழகிய விரல்கள்.
அந்த விரல்களுக்கு இவ்வளவு தெரியும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் வந்தார்கள்.
கழற்றிய பெஞ்சுகளை இழுத்து,
பழைய இடத்திலேயே,
அச்சுப் பிசகாமல் அதே ஐந்து வரிசையாகப் போட்டு
உட்கார்ந்தார்கள்.
"பார்த்தீர்களா?" என்றேன்.
"பார்த்தேன்" என்றார் எதுவினா. "நாளையும் பார்ப்போம்."

பெற்றோர் கூட்டத்தில் நோல்பெர்த்தோ கார்க்கமோ எழுந்தார்.
"விளையாடவா என் மகன் படகேறி வருகிறான்?"
நியாயமான கேள்வி. நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.
"செவ்வாய்க்கிழமை வகுப்பில் வந்து உட்காருங்கள்" என்றார் எதுவினா.
வந்தார். உட்கார்ந்தார். தூங்கிப்போனார்,
என் வகுப்பில்.

மே மாதம் ரொசேந்தா மில்லாலொங்கோ,
எட்டாம் வகுப்பு, வாயே திறக்காத பிள்ளை,
செய்தித்தாளிலிருந்து கிழித்த ஓத அட்டவணையோடு வந்து நின்றாள்.
"நம்ம குடாவுக்கு இது தப்பு சார்.
தண்ணீர் தாமதமாக வருகிறது.
எவ்வளவு தாமதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"
பாடத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
கதவருகில் எதுவினா நின்றிருந்தார்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
அதுதான் தொந்தரவு.

படகுத்துறைத் தூணில் வெள்ளைச் சாயத்தால் கோடுகள்.
முறை வைத்து மூன்று வாரம் அளந்தார்கள்.
நான்காம் வாரம் விடிகாலை ஐந்து மணிக்கு நானும் போனேன்,
டார்ச் பிடிக்க மட்டும்.
ஈரக் காகிதத்தில், கோணல் எழுத்துகளுக்கு நடுவே,
புள்ளி புள்ளியாக அது எழுந்தது, வளைந்தது, இறங்கியது.
சைன் வளைவு.
இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் நான் வரைந்தது.
அதன் பெயர் தெரியும், சூத்திரம் தெரியும்.
குளிரில் மூக்கொழுக
அது வருவதை அன்றுதான் பார்த்தேன்.
நாற்பது நிமிடத் தாமதம், ரொசேந்தாவின் கணக்குப்படி.
என்னுடையதைச் சொல்ல விருப்பமில்லை.

டிசம்பரில் மதிப்பெண் இரண்டு புள்ளி இறங்கியது.
கஸ்த்ரோ நகர அலுவலகத்திலிருந்து கடிதம்.
எதுவினா அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார்,
மறுபடியும் படித்தார்.
குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.
"எனக்கு விடை தெரியாது" என்றார்.
"எங்கிருந்து தொடங்கலாம்?"
ஒரு தலைமையாசிரியர் எங்களிடம்
அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.
அன்று இரவு கடைசிப் படகை விட்டுவிட்டோம், நான்கு பேர்.

ஜன்னலோர மூன்றாவது பெஞ்ச் மட்டும் இன்னும் கழலவில்லை.
ஆணியின் தலை மழுங்கி, திருப்புளி வழுக்குகிறது.
எல்லாரும் அதைச் சுற்றிப் போகிறார்கள்.
அதில் இப்போது நான் உட்காருகிறேன்.

அந்தப் பக்கம் ரொசேந்தாவின் குழு
குறியை மாற்றிப் போட்டுவிட்டது,
இங்கிருந்தே தெரிகிறது.
நாக்கைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
இன்னும் இரண்டு நிமிடம்.
அவள் புருவம் சுருங்குகிறது.
இன்னும் ஒன்று.