மூலம் கேட்கும் புலம்

ஊரின் பெயரிலேயே ஒரு திடல் உண்டு,
பாடாங் செராய்.
திடலுக்குப் பெயர் கொடுத்த புல்லைத்தான் காணோம்.

செம்பனை ஆலையின் நிறைமேடையில் எனக்கு இரவு வேலை.
குலையோடு வரும் லாரி, குலையிறக்கிப் போகும் லாரி,
கழித்து எழுதினால் கணக்கு முடிந்தது.
மழை பிடித்தால் லாரி வராது.
அப்போது ரசீதின் முதுகில்
பாதியில் விட்ட படிப்பைத் தொடர்வேன்.

இன்றைக்குப் பின்ன எண்களின் புலம்.
சுழியம் நீங்கிய எண்களின் குலம்
தன் எண்களின் மேலேயே செயல்படுகிறது.
விதி ஒன்றுதான்:
எதைக்கொண்டு தொடுகிறாயோ
அதன் வர்க்கத்தால் பெருக்கு.

ஒன்றைத் தொட்டேன்.
நான்கானது, ஒன்பதானது,
ஒன்பதின் கீழ் நான்குகூட ஆனது.
இரண்டு ஆகவில்லை.
இரண்டைத் தொட்டேன்: எட்டு, பதினெட்டு, அரை.
மூன்று ஆகவே இல்லை.
ஒட்டிய சுவர், ஒரே கூரை,
போய்வர வழியில்லை.
இரண்டுக்கு மூலம் கேட்டால்
இந்தப் புலம் கையை விரிக்கிறது.

"மூலமா?" என்றான் அருள்தாஸ், மழைக்கு ஒதுங்கியவன்.
இதே தோட்டத்து லயத்தில் பிறந்து
நாற்பத்துமூன்று வயதில் இன்னும் சிவப்பு அட்டை.
சுங்கைப்பட்டாணியில் கேட்டார்கள், அலோர்ஸ்டாரில் கேட்டார்கள்,
தாயின் பத்திரம், மூலம்தான் வேண்டும், நகல் ஆகாது.
"எங்கிட்ட ரெண்டு மூலம் இருக்குக்கா.
ஒண்ணு நட்சத்திரம்.
இன்னொண்ணு உட்கார விடாது."

சிரித்து முடித்துச் சொன்னேன்:
புலத்தை விரிக்கலாம், அருள்.
எல்லா மூலமும் உள்ளே வந்து
கதவு முழுதாய் மூடிய புலம் ஒன்று உண்டு.
அங்கே ஒன்று, இரண்டு, மூன்று
எல்லாம் ஒரே பாதை.

"அது எந்த நாட்டுல?"

புலம்பெயர்தல்
வீட்டிலும் கேட்ட சொல், பாடத்திலும் கேட்ட சொல்.
வீட்டில் அது கப்பல், அம்மைக்குத்து, தலைக்கு ஒரு எண்.
பாடத்தில் சமன்பாட்டின் ஓர் எழுத்தும் மாறாது,
அடியில் உள்ள புலம் மட்டும் மாறும்,
உடனே ஆட்கள் தெரிவார்கள்.

இரு வர்க்கங்களைக் கூட்டினால் எதிர்மறை ஒன்று.
எழுதலாம், வரைய முடியாது.
இந்தப் புலத்தில் அதற்கு ஒரு புள்ளியும் இல்லை.
ஆனாலும் வட்டத்தின் குலம் அதைச் சுழற்றுகிறது,
பூட்டிய வீட்டில் அணைக்க மறந்த காற்றாடியாக.
வெளியே நிற்பவர்கள் சோடி சோடியாய் நிற்கிறார்கள்.
இவரா அவரா என்றால் பிரித்துச் சொல்ல முடியாது.
இருவரும் சேர்ந்து வந்தால்
உள்ளூர்ச் சமன்பாடு ஒன்று
பெயர் பதிந்துகொள்கிறது.
தனியே வந்தால் இல்லை.

மழை விட்டது. வெற்று மேடையில்
விளையாட்டுக்கு ஏறி நின்றான் அருள்தாஸ்.
மேடை இருபது இருபதாய்த்தான் எண்ணும்.
அறுபது என்றது.
"அறுபத்தேழுக்கா, போன வாரம்தான் கிளினிக்கில் பார்த்தேன்."

ஏழு கிலோ.
திரையைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன்.
வளைவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது,
இறங்கினான்.