நடு குழிந்த கிரீடம்

ஏழாம் எண் மேசை என்னுடையது.
லிங்கன்ஷயரில் ஓடுபாதையை உழுதுவிட்டார்கள்,
கொட்டகை மட்டும் மிச்சம்.
மாதம் ஒரு ஞாயிறு சந்தை,
தகரக் கூரையில் பிப்ரவரி மழை.

எல்லோரும் கதையோடுதான் வருகிறார்கள்.
நான் உம் கொட்டியபடி
பொருளைத் திருப்பி முதுகைப் பார்ப்பேன்.
முதுகு பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும்.
அம்புக்குறியைப் புதிதாய்க் குத்தித்
தேநீரில் ஊறவைத்த திசைகாட்டியை
இரண்டு முறை வாங்கி ஏமாந்தவள் நான்.
ஆனால் அவசரக்காரன் கிரீடத்தில் மாட்டிக்கொள்வான்.
வளைவு குழியாமல் குவிந்திருந்தால் ராஜா.
தோள் இரண்டும் எழும்பி நடு குழிந்தால் ராணி,
ஐம்பத்து மூன்றுக்கு முன் அது பிறக்கவே இல்லை.

ஹெட்லி ஸ்கிரிம்ஷா, எழுபது கடந்தவர்,
கைக்குட்டையை அவிழ்த்தார்.
பித்தளைத் தொப்பிச் சின்னம்:
மூன்றெழுத்து, சுற்றி வாகை, மேலே கிரீடம்.
"அப்பா வால்பக்கத் துப்பாக்கிக்காரர்.
நாற்பத்து மூன்று, நவம்பர்.
தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு ஏறியவர்.
வடகடல் அவரை வைத்துக்கொண்டது,
தொப்பியை எங்களுக்கு விட்டது."

லென்ஸை வைத்தேன்.
நடு குழிந்திருந்தது.

மருத்துவர்களுக்கு இதற்கென்று ஒரு குரல் உண்டாம்.
எனக்குக் கிடையாது. சொல்லிவிட்டேன்.
"இது ராணியின் கிரீடம். உங்கள் அப்பா போய்ப்
பத்து வருடம் கழித்து அடித்த அச்சு."

சண்டை வருமென்று
கல்லாப்பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.
அவர் சிரித்தார்.
பிறகு உட்கார இடம் தேடினார்.

"அப்படியானால் அது கனவில்லை.
பத்து வயதில், பள்ளிக் கழிவறைக்குப் பின்னால்,
நோயல் ப்ரோக்கிள்ஸ்பியிடம்
ஒரு மடக்குக் கத்திக்கு மாற்றிக்கொண்டேன்.
இரவெல்லாம் காய்ச்சல்.
மறுவாரம் இழுப்பறையைத் திறந்தால்
சின்னம் அதே இடத்தில்.
அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
ஒரு வார்த்தை இல்லை. சாகும்வரை இல்லை."

மறுபடி பார்த்தேன்.
எழுத்துகள் மழுங்கியிருந்தன,
இலைகளின் இடுக்கு மட்டும் புதுக்கருக்கு மாறாமல்.
வருடங்கள் இப்படித் தேய்ப்பதில்லை.
சாம்பலும் கந்தலும் ஓர் இரவும் தேய்த்தது.
எங்கே வாங்கினாள்?
முகாம் வாசலில் காவல்காரனிடம் கேட்டிருப்பாளோ?
எங்கள் தொழிலில் இதற்குப் போலி என்று பெயர்.

கத்தி? என்றேன்.
"வாய்க்காலில் எறிந்தேன்."

விலை அவர் கேட்கவில்லை.
நாலு பவுண்டுக்கு மேல் போகாது என்று
நானும் சொல்லவில்லை.
"அசலில், இடப்பக்க வாகையில்
ஒரு வெட்டு இருக்கும்" என்றார்.
"வாங்குமுன் கத்தி கூர்மையா என்று
அதில்தான் கீறிப் பார்த்தேன்."

என் தட்டில் ராஜாக் கிரீடம் நாற்பதுக்குக் குறையாது.
எங்கிருந்தெல்லாமோ வந்தவை,
எல்லாவற்றிலும் கீறல் உண்டு.
லென்ஸை அவரிடம் கொடுத்தேன்.

நாலு மணிக்கு விளக்கணைப்பார்கள்.
பக்கத்து மேசைக்காரன் தார்ப்பாயை மடிக்கிறான்.
ஹெட்லி இருபத்திரண்டாவதைத்
திருப்பிக்கொண்டிருக்கிறார்.