ஒன்றுவிட்ட கோணம்

கண்டக்டர் "கோணம் எறங்கு" என்று கத்துகிற இடத்தில்
பாலிடெக்னிக் மதிலுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
ஊர்ப்பெயரே அப்படி. சிரிக்காதீர்கள்.
சுவரும் அப்படித்தான்.

அந்தப் பக்கம் லீதியாள் தைக்கிறாள்.
பெரியப்பா மகள்.
பாகம் பிரித்தபோது எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர்
நேராக வரவில்லை.
கொத்தனார் குடித்திருந்தார் என்று நான்.
வாங்கிக் கொடுத்ததே உன் அப்பாதான் என்று அவள்.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

இன்று காலை ஒரு பையன்
கறுப்பாக விழுந்த இரண்டு பக்கங்களை
வேண்டாமென்று விட்டுப் போனான்.
கண்ணாடிமேல் கோணமானியையும்.
கவனிக்காமல் மூடியை இறக்கினேன்.
தாளில் வந்தது ஒரு பாதி நிலா,
விளிம்பெல்லாம் எண்களோடு.

மதியம் ஆளில்லை.
சுவர் வந்து வாசற்படியைத் தொடும் மூலையில்
குந்தி உட்கார்ந்து வைத்துப் பார்த்தேன்.
எழுபது.
பெரிய மெஷின் ஏன் அந்த மூலைக்குள்
ஒருநாளும் போகவில்லை என்று புரிந்தது.

அவள் மூலையை அளக்க
அவள் கடைக்குள் போக வேண்டியதில்லை.
முனை ஒன்று. நடுவில் சுவர் ஒன்று.
இரண்டு கடைக்கும் படி ஒரே நேர்கோடு.
நூற்றெண்பதில் எழுபது போனால்
நூற்றுப்பத்து.
ஒருத்தியின் முகம் பாராமலே
அவளிடம் இருப்பதை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவது
எரிச்சலாக இருந்தது.
நாற்பது பாகை கூடுதல்!
'அடுத்துள்ள கோணங்கள்' என்று எழுதியிருந்தான் பையன்.
அடுத்து இருந்தால் போதுமா?

இரண்டாவது தாளில்
இரு இணைகோடுகள், குறுக்கே ஒரு சாய்கோடு.
ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம்.
ஒன்றுவிட்ட.
கல்யாணக் கடிதத்தில் உறவு எழுதும்போது
போடுகிற அதே வார்த்தை.

முன்னால் ரோடு. பின்னால் சானல்.
குறுக்கே எங்கள் சுவர்.
அப்படியென்றால் பின்மூலையில்
எழுபது அவளுக்கு.
என் பின்மூலையில்
டோனர் அட்டைப்பெட்டி, கம்பி ஒடிந்த குடை,
கால் போன நாற்காலி எல்லாம் போட்டும்
இடம் மிச்சம்.

தையல் மெஷினை அங்கேதான் வைத்திருக்கிறாள்.
சக்கரம் சுவரில் உரசுகிற சத்தம்
சாரலிலும் வெயிலிலும் கேட்டிருக்கிறேன்.
என்னைச் சீண்டத்தான் என்று
பதிலுக்கு ஸ்டேப்ளரால் சுவரில் இடித்திருக்கிறேன்.

இடமில்லாமல் உரசியிருக்கிறது.

ஆனால் நிபந்தனை உண்டு.
கோடுகள் இணையாக இருந்தால் மட்டும்.
அகலப்படுத்தியபோது ரோடு கொஞ்சம் திரும்பியிருக்கலாம்.
மழையில் சானல்கரை சரிந்திருக்கலாம்.
அறுபத்தெட்டோ, எழுபத்திரண்டோ.
உள்ளே போய் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று மணிக்கு அந்தப் பையன் வந்தான்.
"எக்கா, எனக்க கோணமானி கெடக்கா?"
இல்லையே என்றேன்.
நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் சக்கரம் நின்றிருந்தது.
நூல் மாற்றுகிறாள் போல.
டிராயரைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு
படி இறங்கினேன்.
செருப்பு மாட்ட மறந்திருக்கிறேன்.
தார் சுட்டது.