நாலாவது மேடு

ஆறு மா. பட்டாவில் நஞ்சை.
அடங்கலில் என்ன பயிர் எழுத என்றார் விஏஓ.
மேடு என்றேன்.
சிரிக்காமல்
தரிசு என்று எழுதிக்கொண்டார்.

உளுந்து எடுத்த மறுவாரம் ஜேசிபி வந்தது.
டிரைவர் மாசிலாமணிக்குக்
குளம் வெட்டத் தெரியும்
மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டத் தெரியும்.
பறப்பதற்கு மண் குவிக்கச் சொன்ன ஆள்
நான்தான் முதல்.
எவ்வளவு உயரம்?
என் தோள் வரைக்கும்.
எந்தத் தோள் என்று கேட்டார்,
இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு.
காறை எலும்பில் தகடு வைத்த பக்கம் அது.
வலது என்றேன்.

சித்திரையில் தரை
பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.
விரிசலுக்குள் ஸ்குரூ டிரைவர் விழுந்தது.
சத்தமே வரவில்லை.
இந்தக் களி காய்ந்தால் செங்கல்
நனைந்தால் அல்வா
இரண்டுக்கும் நடுவே ஒன்றரை நாள்.
அந்த ஒன்றரை நாளை நீட்டிக்கத்தான்
ரைஸ்மில்லிலிருந்து ஏழு டிராக்டர் உமி
கொட்டிக் கலந்து மிதித்து
மறுபடி கொட்டி.

பக்கத்து வயல் இருதயமேரி
வரப்பில் நின்று பார்த்தாள்.
"ஏண்டி, விழுறதுக்கா இவ்ளோ செலவு?"
விழாம இருக்கப் பழகறதுக்கு.
"அதுக்கு மேடு போடாம இருந்தாலே போதுமே."

மூன்று மேடுகள் சின்னவை, ஓட்டத்துக்குத் தாளம் போல.
நாலாவதுதான் மேடு.
ஏறினால் தலை தட்டையாக இருபதடி
அப்புறம் சறுக்கல்.
பாதியில் இறங்கினாலும் தாங்கிக்கொள்ளும்.
நான் பெரும்பாலும் பாதியில்தான் இறங்கினேன்.

அதன் மேலே, காற்றில்,
ஒரு நொடிக்கும் குறைவாகக் கோரையாறு தெரியும்.
ஒரு சுற்றில் மதகின் பலகை
ஒரு சுற்றில் எருமையின் முதுகு
ஒரு சுற்றில் வெறும் பளபளப்பு.
ராத்திரி படுத்துக்கொண்டு
துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பேன்.
ஆறு வராது.

ஐப்பசியில் மூன்று இரவு விடாத மழை.
பதினோரு மணிக்கு மேரி போன் செய்தாள்.
திட்டவில்லை.
"நுனி மட்டும்தாண்டி தெரியுது" என்றாள்.

மேட்டின் அடியில் ஒரு வாமடை இருந்ததாம்.
வரைபடத்தில் இல்லை, எனக்குத் தெரியாது
மாசிலாமணிக்குத் தெரியாது.
தண்ணீருக்குத் தெரிந்திருந்தது.
மூன்று நாளாக அங்கேயே வந்து நின்று
முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தச் சேற்றில் ஜேசிபி இறங்காது.
பைக்கை வரப்பில் சாய்த்து நிறுத்தி
ஹெட்லைட்டை மேட்டின் மேல் திருப்பினேன்.
இரண்டு மண்வெட்டி.
உமி கலந்த மண்
வெட்ட வெட்ட முழுசு முழுசாக வந்தது.
"நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்றாள் மேரி,
மூச்சு வாங்க,
பாராட்டுவது போலவே.
ஒரு கட்டியில் என் டயரின் பல்வரிசை.
அதையும் அள்ளி எறிந்தேன்.

உடைந்தது மூன்று மணிக்கு.
முதலில் கால்விரல்களில் ஒரு இழுப்பு
பிறகுதான் சத்தம்.
நாங்கள் வெட்டியது இரண்டடி.
விடிவதற்குள் தண்ணீரே
தனக்கு வேண்டிய அகலம் எடுத்துக்கொண்டது.

மாசி.
மேரியின் சம்பா மூட்டையாகிப் போய்விட்டது.
முழுசாக இல்லை, எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை.
மேடு இப்போது இரண்டு.
நடுவில் வாய்க்கால்.
இதற்கு எங்கள் ஆட்டத்தில் டபுள் என்று பெயர்.
தூரம் அதே இருபதடிதான், ஒரு சாண் கூடவில்லை.
பாதியில் இறங்க மட்டும்
பாதி இல்லை.

ஏழாவது சுற்று.
மூன்று மேட்டையும் தாண்டி
நாலாவதன் முன்னால் கிளட்சைப் பிடித்து
சுற்றிப் போகிறேன், மறுபடியும்.
வரப்பில் வேர்க்கடலை உரித்தபடி மேரி.
"இன்னிக்காவது?"

மண் இன்னும் ஈரம் என்கிறேன்.
குனிந்து ஒரு பிடி எடுத்து
உள்ளங்கையில் நொறுக்கிப் பார்க்கிறாள்.
ஒன்றும் சொல்லாமல்
ஊதிவிடுகிறாள்.